கெண்டி டாட் காம்

எடிசன், நியூஜெர்சி
17 ஜனவரி 1999

அன்புள்ள அஸீலா,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது பெருநாள் முடிந்து, உங்கள் உம்மா பெரிய பாத்திரங்களையெல்லாம் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். எனக்கு இங்கே பொங்கல் வந்து போனதே தெரியவில்லை. சிவாவுக்கு அன்று ஆபீஸ். குக்கரில் ஒரு ஆழாக்கு அரிசியும் வெல்லமும் போட்டு, ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு, "பொங்கலோ பொங்கல்" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரி பயந்துவிடக் கூடாது பார்.

புலம்புவதற்காக எழுதவில்லை. நல்ல சேதி ஒன்று இருக்கிறது. நான் ஒரு வியாபாரம் தொடங்கியிருக்கிறேன். சிரிக்காதே. பெயர் விற்கிறேன்.

இன்டர்நெட்டில் கடை போட வேண்டுமென்றால் முதலில் ஒரு விலாசம் வேண்டும். முன்னால் ஒரு பெயர், ஒரு புள்ளி, பின்னால் காம். பாளையங்கோட்டையில் எத்தனை விஜயஸ்ரீ இருந்தாலும் எல்லோருக்கும் ரேஷன் கார்டு உண்டு. இங்கே அப்படியில்லை. உலகம் முழுவதற்கும் ஒரு விஜயஸ்ரீதான். முதலில் வந்து பணம் கட்டிப் பதிந்தவளுக்கு அது சொந்தம். அடுத்து வருகிறவள் வேறு பெயர் தேட வேண்டும், இல்லாவிட்டால் முதல் ஆளிடம் வந்து விலை கேட்க வேண்டும்.

நான் சும்மா இருக்கிற நேரத்தில் 'பேரட் டின்னர்' என்று ஒரு பெயரைப் பதிந்து வைத்தேன். கிளிக்குச் சாப்பாடு. ஏன் அது தோன்றியது என்று கேட்காதே. போன மாதம் டெக்ஸாஸிலிருந்து ஒருவர் ஈமெயில் அனுப்பினார். கிளித் தீவனம் விற்கிறவராம். அந்தப் பெயர் அவருக்கு வேண்டுமாம். கட்டியதற்கு எத்தனையோ மடங்கு கொடுத்து வாங்கிக்கொண்டார். சிவா வாயைப் பிளந்துவிட்டார். "முக்கூடல்ல எங்க அப்பா ஒரு துண்டு வயல விக்க வருசக்கணக்கா அலைஞ்சாவ. நீ ஒரு சொல்ல வித்துட்டியே!" என்றார்.

என் விசாவில் வேலைக்குப் போகக் கூடாது என்பது உனக்குத் தெரியும். பதிவெல்லாம் அவர் பெயரில், அவர் கிரெடிட் கார்டில். மூளை மட்டும் என்னுடையது. ஆனால் என் மூளை தீர்ந்துகொண்டு வருகிறது. காலேஜில் பிரின்சிபால் முதல் கேன்டீன் பூனை வரைக்கும் பெயர் வைத்தவள் நீ. யோசித்து எனக்குச் சில பெயர்கள் அனுப்புட்டி.

உன்
விஜி

*

மேலப்பாளையம்
9 பிப்ரவரி 1999

அன்பு விஜி,

உன் கடிதத்தை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சுருக்குப்பை மாதிரி முகத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்கள். "பேரையா விக்காவ? அப்ப நம்ம தெருவுல ஆளுக்கொரு பட்டப்பேரு இருக்கே, மூட்டை கட்டி அனுப்பிருவமா?" என்றார்கள். தாஜ் முகம்மது ராவுத்தர் மகளுக்கு அமெரிக்காவில் ஒரு வியாபாரி சிநேகிதி இருப்பதாக அசர் தொழுகைக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது.

எனக்கு இங்கே குறையில்லை. என் வீட்டுக்காரர் ஜித்தாவிலிருந்து ரஜபு மாதம் வருவதாகக் கடிதம் போட்டிருக்கிறார். காலையில் வாப்பாவின் கைலி வியாபாரக் கணக்கு, மத்தியானம் பினாங்குக்கும் கொழும்புக்கும் இங்கிலீஷ் கடிதம், சாயந்திரம் உம்மாவோடு வாக்குவாதம். தம்பி அலி அஸ்கர் சாயப் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறான்.

ஒரு விசேஷம் உண்டு. பாளையங்கோட்டையில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த பரமசிவன் அண்ணாச்சி இப்போது ப்ரௌசிங் சென்டர் வைத்திருக்கிறார். தம்பியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டெலிபோன் கிர்ரென்று கத்தியது, கரகரத்தது, அப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை. "இருங்கம்மா, பைய வரும்," என்றார். பைய வந்தது. நான் உலகத்தைப் பார்த்தேன், அரை மணிக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன். அங்கே உனக்கு ஈமெயில் அடிக்கலாம்தான். ஆனால் முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்கும்போது, அதுவும் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, உன்னிடம் என்னத்தைப் பேசுவது? கடிதமே போதும்.

பெயர் கேட்டாயே. ஊரை விட்டுப் போனவர்கள் எதை நினைத்து ஏங்குவார்கள் என்று யோசித்தேன். சுக்குக்காப்பி. தாவணி. முறுக்கு. மருதாணி. இதில் எதையாவது பார்.

எங்கள் கைலிக்கு வாய்த்த மாதிரிப் பெயர் எல்லாவற்றுக்கும் வாய்த்துவிடாது. கெண்டி மார்க் என்று சொன்னால் பினாங்கில் குழந்தைக்குக்கூடத் தெரியுமாம். தொழுகைக்கு முன்னால் கை கால் கழுவி ஒலு எடுக்கிற கெண்டிதான், மூக்கு வைத்த செம்பு. மலாய்க்காரர்களும் அதைக் கெண்டி என்றேதான் சொல்கிறார்களாம். பச்சை லேபிளில் அந்தப் படத்தைப் பார்த்தாலே துணியைத் தொட்டுப் பார்க்காமல் எடுப்பார்கள் என்று வாப்பாவுக்குப் பெருமை. தரகர் மூலமாக எங்கள் சரக்கை எடுக்கிற பினாங்குக் கடைக்காரர் ஒருவர் போன கடிதத்தில், "உங்களுக்கு இன்டர்நெட்டில் பக்கம் இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார். எனக்கு ஒரு ஆசை இருக்கிறது. வாப்பாவிடம் கேட்க இன்னும் தைரியம் வரவில்லை.

உன்
அஸீலா

*

எடிசன்
14 மார்ச் 1999

அன்புள்ள அஸீலா,

நீ கொடுத்ததில் முறுக்கும் தாவணியும் முன்பே போய்விட்டன. சுக்குக்காப்பியும் மருதாணியும் எடுத்துவிட்டேன். சுக்குக்காப்பியை எப்படி எழுத்துக்கூட்டுவது என்று எனக்கும் சிவாவுக்கும் ஒரு இரவு முழுக்கச் சண்டை. அல்வாவை கனடாவில் ஒருவர் எடுத்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார். விற்கவும் மாட்டாராம், கடை போடவும் மாட்டாராம். அல்வாவை வைத்துக்கொண்டு தின்னாமல் இருக்கிற மனுஷனை நம் ஊரில் பார்த்திருக்கிறாயா?

இந்தத் தொழிலில் ஒன்று கற்றுக்கொண்டேன். பெயருக்கு நாம் ஒரு அர்த்தம் வைத்திருப்போம். அது கடல் தாண்டினால் வேறு ஆளுக்கு வேறு அர்த்தம். கீழ்வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிற ஒரு அம்மா இருக்கிறாள். அவளுடைய பிள்ளைகள் அவளை "மாமி, மாமி" என்று கூப்பிடுகிறார்கள். மயிலாப்பூர் சம்பந்தம் ஏதாவது இருக்குமோ என்று நான் பார்த்தால், அவர்கள் பாஷையில் மாமி என்றால் அம்மாவாம்! நமக்கு ஒன்றுக்கும் உதவாத நாலு எழுத்து, பெரு தேசத்தில் ஒருவருக்குத் தங்கமாக இருக்கலாம். விலை அங்கேதான் இருக்கிறது.

வாப்பாவிடம் தைரியமாகக் கேள். உனக்கு என்ன பயம்.

(மேலே இரண்டு வரி அடித்திருப்பதைப் பார்க்காதே. மை கொட்டிவிட்டது.)

விஜி

*

மேலப்பாளையம்
21 ஏப்ரல் 1999

விஜயஸ்ரீக்கு,

எழுதி எழுதிக் கிழித்துப் போட்டபின் இதை அனுப்புகிறேன்.

பக்ரீத் முடிந்த வாரம் வாப்பாவிடம் கேட்டுவிட்டேன். "தரகர் இல்லாம நேரா பினாங்குக் கடைக்கே விக்கலாம் வாப்பா. நம்ம பேர்ல ஒரு பக்கம் வச்சா போதும்," என்றேன். வாப்பா கணக்கு நோட்டை மூடி வைத்தார்கள். பிறகு, "சரிம்மா, ஒன் பொறுப்பு. நல்லா செய்யி," என்றார்கள். இந்தக் குடும்பத்தில் என்னை நம்பி முழுசாக ஒப்படைத்த முதல் வேலை. இவருக்கு ஜித்தாவுக்கு எழுதி அனுமதி வாங்கினேன். கார்டு வைத்திருக்கிற ஒருவரைத் தம்பி சென்னையில் பிடித்து வைத்திருந்தான். எல்லாம் தயார்.

பரமசிவன் அண்ணாச்சி கடைக்குப் போய்க் கெண்டி என்று பெயரை அடித்தோம்.

"இந்தப் பேரு போயிட்டேம்மா," என்றார்.

"யாரு எடுத்திருக்கா அண்ணாச்சி?"

"பாத்துரலாம். பதிஞ்சவங்க விலாசமெல்லாம் அங்கன போட்டிருப்பான்."

எழுத்துகள் மேலிருந்து ஒவ்வொரு வரியாக வந்தன. வி. சிவகணேஷ். அடுத்த வரியில் தெரு. அடுத்ததில் அபார்ட்மென்ட் எண். எடிசன், நியூஜெர்சி. இரண்டு வருடமாக உறை மேல் நான் கையால் எழுதுகிற விலாசம். எழுத்துப் பிசகாமல் அப்படியே இருந்தது.

"தெரிஞ்ச ஆளாம்மா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"இல்லை," என்றேன்.

பதிந்த தேதியும் போட்டிருந்தது. என் பிப்ரவரிக் கடிதம் உனக்குக் கிடைத்திருக்கக்கூடிய அதே வாரம். மார்ச்சில் நீ மை கொட்டியதாக எழுதினாயே, அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. என்ன சொல்வதென்று நீயே எழுது.

அஸீலா

*

எடிசன்
5 மே 1999

அஸீலா,

உனக்குக் கொடுக்கத்தான் எடுத்தேன். இதை நீ நம்ப வேண்டும். உன் கடிதத்தைப் படித்த அன்றே, வேறு எவனும் எடுப்பதற்குள் பதிந்துவிட்டேன். பக்ரீத்துக்கு வாழ்த்து அட்டையில் எழுதி அனுப்பி உன்னைத் திகைக்க வைக்கலாம் என்று நினைத்தேன்.

மார்ச் முதல் வாரத்தில் துருக்கியிலிருந்து ஒரு ஈமெயில் வந்தது. ஜெலால் என்று ஒருவர். கெண்டி என்றால் அவர்கள் பாஷையில் 'தன்' என்று அர்த்தமாம். தன்னுடையது, தன் சொந்தம். அங்கே எல்லோர் வாயிலும் தினமும் வருகிற சொல்லாம். அவர் சொன்ன விலையைப் பார்த்து நான் கம்ப்யூட்டரை மூடிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். சிவா "வித்துரு" என்கிறார். நான் இன்னும் பதில் எழுதவில்லை. உனக்கு எழுதினேன், அடித்தேன். எழுதினால் நீ "தா" என்பாய், நான் தர வேண்டியிருக்கும் என்று தெரியும்.

கோபப்படு, ஆனால் கேள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தபால் தலைக்குக்கூடச் சிவாவிடம்தான் கேட்கிறேன். அவர் இல்லை என்று சொன்னதே கிடையாது. அதுதான் கஷ்டமே. எம்.எஸ்ஸி. படித்தவள் தினமும் ஒரு நல்ல மனுஷனிடம் கைநீட்டிக்கொண்டிருக்கிறேன். கிளிக்காரர் கொடுத்த காசு வீட்டு வாடகையோடு கரைந்துவிட்டது. இது அப்படிக் கரையாத தொகை.

நிஜத்தைச் சொல், உங்களுக்கு அது எதற்கு? லேபிளில் ஒரு கெண்டி இருக்கிறது. மேலப்பாளையத்திலிருந்து கம்ப்யூட்டரில் கைலி விற்க முடியுமா? வேறு எந்தப் பெயர் வைத்தாலும் பினாங்குக்காரர் வாங்கத்தானே போகிறார்?

எழுதிவிட்டேன். இதை அடிக்கப் போவதில்லை.

விஜி

*

மேலப்பாளையம்
2 ஜூன் 1999

விஜி,

"உங்களுக்கு அது எதற்கு" என்ற வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். ஒரு வாரம் தொடவில்லை. பிறகு, இதற்குப் பதில் சொல்ல வேண்டியது நான் மட்டும் இல்லை என்று தோன்றியது. முழுக் கடிதத்தையும் வீட்டில் வாசித்தேன், தபால் தலை விஷயம் உட்பட. உனக்கு வெட்கமாக இருந்தால் இருக்கட்டும்.

உம்மாதான் முதலில் குதித்தார்கள். "அந்தப் புள்ள நம்ம வீட்டு எடியாப்பத்த எத்தன நாளு தின்னிருக்கும்! அது இப்பிடிச் செய்யுமா?" என்றார்கள். தம்பி, "கேஸ் போடணும் வாப்பா," என்றான். வாப்பா அவனைப் பார்த்து, "எங்கன போடுவ, அமெரிக்காவுலயா?" என்று கேட்டுவிட்டு, "கெண்டின்னா தன் சொந்தமாமா?" என்று இன்னொரு தடவை என்னைச் சொல்லச் சொன்னார்கள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பேரு நம்ம லேபிள்ல இருக்கு. துட்டு அந்தப் புள்ள கட்டிருக்கு. அப்ப அது ரெண்டு பேருக்கும் உள்ள சரக்கு. ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் விக்கப்படாது. அம்புட்டுதான். ஆமா, அந்தத் துருக்கிக்காரன் என்ன யாவாரம் செய்யுதான்?"

தாளை மறுபடி புரட்டினேன். உன் கடிதத்தில் அது இல்லை.

"வாங்க வந்தவன் என்ன விக்கான்னு கேக்காம வெல பேசுனீயளா? படிச்ச புள்ளைய!" என்றார்கள்.

ஆகவே கேட்டு எழுது.

வாப்பா சிரித்துவிட்டார்கள். நான் இன்னும் சிரிக்கவில்லை. ஆனால் தபால் தலைக்குக் கைநீட்டுகிறேன் என்று எழுதினாயே, அது மனதை விட்டுப் போகவில்லை. இவர் அனுப்புகிற டிராஃப்டும் வாப்பா பெயரில்தான் வருகிறது. கணக்கெல்லாம் நான் எழுதுகிறேன், கையெழுத்து மட்டும் என்னுடையதில்லை. நீ என்னிடம் முதலிலேயே கேட்டிருந்தால் "விற்போம்" என்றுகூடச் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை என்பதுதான் வலிக்கிறது.

அஸீலா

*

எடிசன்
4 ஜூலை 1999

அன்புள்ள அஸீலா,

வெளியே பட்டாசு. இவர்களுக்குச் சுதந்திர தினம். சிவா வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறார். நான் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்து அழுதேன் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். இடியாப்பம் வந்த இடத்தில்தான் அழுதேன். கேட்காமல் செய்தது தப்பு. அதற்கு மேல் சாக்கு இல்லை.

ஜெலாலிடம் என்ன வியாபாரம் என்று கேட்டேன். பதில் வந்ததும் உன் வாப்பா காலில் விழ வேண்டும் போல் இருந்தது. அவர் டெனிஸ்லி என்ற ஊர்க்காரர், நெசவு ஊர். துருக்கியில் குளிக்கிற மண்டபங்களில் இடுப்பில் கட்டிக்கொள்கிற பருத்தித் துணியை நெய்து ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதி செய்கிறார். படம் அனுப்பியிருந்தார். கோடு போட்டது, கட்டம் போட்டது, இடுப்பைச் சுற்றிச் சொருகிக் கட்டுவது. அஸீலா, அது கைலிதான்! மூட்டவில்லை, ஓரத்தில் குஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

துணிந்து எழுதினேன். இந்தப் பெயரில் இந்தியாவில் ஒரு குடும்பம் ரொம்ப காலமாக இதே மாதிரித் துணி விற்கிறது, பெயரைக் கொடுப்பதானால் கூடவே உங்களுக்கும் அவர்களுக்கும் ஒரு வியாபாரமும் நடக்க வேண்டும் என்று. அவர் பதில் ஒரே வரி: "நான் கேட்டது பெயர், துணி அல்ல. துணி நாங்களே நெய்கிறோம்." அதோடு சரி.

அவருடைய ஈமெயில் விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். இனி அவருக்கு எது எழுதினாலும் உனக்குத் தெரியாமல் இல்லை. நீயே எழுதினாலும் சரி. உன் பெயரில் ஒரு ஈமெயில் கணக்கும் தொடங்கிவிட்டேன், கடவுச்சொல் நம் கேன்டீன் பூனையின் பெயர்.

உன்
விஜி

*

மேலப்பாளையம்
12 செப்டம்பர் 1999

அன்பு விஜி,

எங்கிருந்து தொடங்குவது?

ஆகஸ்டில் ஒரு நாள் சாயந்திரம் டி.வி. செய்தியில் துருக்கியைக் காட்டினார்கள். பூகம்பம். மாடி மேல் மாடியாக அப்படியே படிந்து கிடந்த வீடுகள். ஒரு ஆள் செங்கலுக்கு நடுவில் கையை விட்டு யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வாப்பா டி.வி.க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

"நம்ம ஜலாலு ஊரு இதுதானா?" என்றார்கள். ஒரு தடவைகூடப் பார்க்காத, நம்மை வேண்டாமென்று சொன்ன மனுஷன் அதற்குள் 'நம்ம ஜலாலு' ஆகிவிட்டிருந்தார்.

"தெரியல வாப்பா."

"பேரம் கெடக்கட்டும். ஆளு இருக்கானான்னு கேளு."

மறுநாள் காலையில் தனியாகவே பஸ் ஏறிப் பாளையங்கோட்டை போனேன். தம்பியைக் கூப்பிடத் தோன்றவில்லை. நான் அனுப்பிய முதல் ஈமெயில் இது: "ஐயா, நாங்கள் உங்களுக்குத் துணி விற்க நினைத்த குடும்பம். நீங்களும் உங்கள் வீட்டாரும் நலமா என்று என் தந்தை கேட்கிறார். வியாபாரம் பற்றிப் பதில் எழுத வேண்டாம். நலமா என்பதை மட்டும் எழுதுங்கள்."

பதில் இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் போய்ப் பார்த்தேன். பரமசிவன் அண்ணாச்சி காசு வாங்க மறுத்துவிட்டார். "வந்தா ஃபோன் போடுதேம்மா, அலையாதீங்க," என்றார். ஜும்மாவில் துருக்கிக்காரர்களுக்காக துஆ கேட்டபோது வாப்பா ஜலாலுக்கென்று தனியாகக் கேட்டார்களாம்.

இந்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை ஃபோன் வந்தது. "வந்துட்டும்மா, ஓடியாங்க!" என்றார் அண்ணாச்சி.

ஜெலால் உயிரோடு இருக்கிறார். டெனிஸ்லி தூரம், அங்கே ஒன்றும் ஆகவில்லை. அவர் அக்கா வீடு கடற்கரைப் பக்கம். வீடு போய்விட்டது, அக்காவும் பிள்ளைகளும் பிழைத்துவிட்டார்கள். ஆனால் மைத்துனர் இல்லை. அவர்களைத் தேடிப் போய் அங்கேயே கூடாரத்தில் இருந்திருக்கிறார். திரும்பி வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால் ஜெர்மனியிலிருந்தும் எங்கெங்கிருந்தோ சரக்கு எப்போது வரும் என்ற கேள்விகள். "நான் இருக்கிறேனா என்று கேட்டது உங்கள் கடிதம் ஒன்றுதான்" என்று எழுதியிருந்தார். கடைசியில், "உங்கள் துணியை எனக்குக் காட்டுங்கள். நான் முன்பு அவசரமாகப் பேசிவிட்டேன்" என்று இருந்தது.

வாப்பா அதைக் கேட்டுவிட்டு எழுந்து கைலிகள் அடுக்கிய கிட்டங்கிக்குப் போனார்கள். நல்லதாகப் பார்த்து எடுத்து, பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மடித்து, மறுபடியும் வேறு எடுத்தார்கள். அக்கா பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு கட்டு வைத்து, "இதுக்கு பில்லு போடாத," என்றார்கள். பார்சல் போய்விட்டது.

பெயரை அவருக்குக் கொடுத்துவிடலாம் விஜி. நான் வாப்பாவிடம் சொல்லி, வாப்பாவும் சரி என்றுவிட்டார்கள். பினாங்குக்காரர் எங்களை வெறும் கெண்டி என்று சொல்வதில்லை, கெண்டி மார்க் என்றுதான் சொல்வார். நான் போய் அடித்துப் பார்த்தேன், இரண்டும் சேர்ந்த பெயர் அப்படியே கிடக்கிறது. எங்களுக்கு அது போதும். இதைப் படித்த உடனே அதை எடுத்துவிடு. இந்தத் தடவை என் பெயரில்.

உன்
அஸீலா

*

எடிசன்
10 அக்டோபர் 1999

என் அஸீலா,

எடுத்துவிட்டேன். இனி கெண்டி மார்க் டாட் காம் யாருடையது என்று உலகத்தில் யார் கேட்டாலும் அஸீலா, மேலப்பாளையம், திருநெல்வேலி என்று வரும். அதைத் தாளில் அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன்.

ஜெலாலுக்குப் பெயரை மாற்றிக் கொடுத்தாயிற்று. பெயர்தானே என்று பார்த்தால் வயல் விற்பது மாதிரிப் பத்திரம், கையெழுத்து, நோட்டரி முத்திரை. பூகம்பத்துக்குப் பிறகு முன்பு சொன்ன விலையைக் குறைக்கவா என்று நானாகவே கேட்டேன். "தன் சொந்தத்துக்கு யாரும் குறைத்துக் கொடுக்க மாட்டார்கள், குறைத்துக் கேட்கவும் கூடாது" என்று எழுதினார். முழுசாக அனுப்பிவிட்டார். பாதி உங்களுக்கு. வாப்பா வேண்டாமென்பார்கள். "ரெண்டு பேருக்கும் உள்ள சரக்கு" என்று தீர்ப்புச் சொன்னது அவர்கள்தான் என்று ஞாபகப்படுத்து. டிராஃப்ட் உன் பெயரில் வரும். கையெழுத்தும் உன்னுடையதுதான் போட வேண்டும். பாங்கில் கணக்கு இல்லாவிட்டால் தொடங்கு.

என் பாதியை எடுத்துக்கொண்டு நேற்று பாங்குக்குப் போனேன். சிவாவும் கூட வந்தார். கவுன்டரில் இருந்த பெண் "இருவர் பெயரிலுமா?" என்று கேட்டாள். நான் சிவாவைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு, "அவ பேர்ல மட்டும்," என்றார். வெளியே வந்ததும், "என்ன வாங்கப் போறே?" என்றார்.

"டிக்கெட்," என்றேன்.

"எங்க?"

"திருவனந்தபுரம். அங்கிருந்து பஸ்ஸு."

"டிசம்பர்ல எனக்கு லீவே கிடையாதுட்டி. ரெண்டாயிரம் பொறக்கும்போது கம்ப்யூட்டரெல்லாம் என்ன ஆகும்னு இங்க எல்லாவனும் பயந்து கெடக்கான்."

"நான் மட்டும் போறேன்."

கார் வரைக்கும் நடந்தோம். கதவைத் திறந்துவிட்டு, "எங்கம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போ. முக்கூடல்ல மார்கழி குளிருமாம்," என்றார்.

டிசம்பர் பத்தாம் தேதி வருகிறேன். நோன்பு தொடங்கியிருக்கும் இல்லையா? பகலில் உங்கள் வீட்டில் எனக்கு யாரும் ஒன்றும் தர மாட்டார்கள். பரவாயில்லை, சாயந்திரம் வருகிறேன்.

விஜி

*

மேலப்பாளையம்
5 நவம்பர் 1999

அன்பு விஜி,

டிராஃப்ட் வந்தது. பாங்கு மேனேஜர் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "ஒரே மாதிரி போடணும்மா, மாத்தக் கூடாது," என்றார். எனக்கென்று ஒரு கையெழுத்தே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து ஒரு தாள் முழுக்கப் போட்டுப் பழகினேன். தமிழில் வைத்துக்கொண்டேன்.

நீ பகலில் வந்தாலும் உம்மா உனக்குச் சமைப்பார்கள். "அதுக்கு நோம்பா என்ன?" என்கிறார்கள். அவர்களுடைய கோபமெல்லாம், நீ மெலிந்திருக்கக் கூடாது என்ற கவலையாக மாறிவிட்டது. திருவனந்தபுரத்துக்கு வேன் எடுத்துக்கொண்டு தம்பி வருகிறான். நானும் வருகிறேன். இவர் ரஜபில் வந்து இரண்டு மாத லீவில் இருக்கிறார், அவரும் வருகிறேன் என்கிறார். யாரைப் பார்க்கப் போகிறோம் என்று கேட்டவர்களிடமெல்லாம் வாப்பா, "அமெரிக்காவுல இருந்து எங்க பங்காளி வாரா," என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பினாங்குக்காரர் அண்ணாச்சி போட்டுக் கொடுத்த எங்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டு நேராக ஆர்டர் எழுதியிருக்கிறார், தரகர் இல்லாமல். பக்கத்தில் இப்போதைக்கு ஒரு லேபிள் படமும் என் ஈமெயிலும்தான் இருக்கின்றன. அது போதுமானதாக இருந்திருக்கிறது.

ஜலாலிடமிருந்தும் ஆர்டர் வந்துவிட்டது. நம் துணி அவர்களுடையதைவிட மெல்லிசாக இருக்கிறதாம். கடற்கரைக்குப் போகிறவர்கள் தோளில் போட்டுக்கொள்ள ஏற்றதாம். ஆனால் கட்டம் பெரிதாக வேண்டும், மூட்டக் கூடாது, இரண்டு ஓரத்திலும் குஞ்சம் விட வேண்டும். கைலியும் இல்லை, அவர்கள் கட்டுகிற துணியும் இல்லை. நேற்று தறியிலிருந்து முதல் துண்டு இறங்கியது. மயில் கழுத்து நீலம். உம்மா அதை வாங்கித் தோளில் போட்டுக் கண்ணாடி பார்த்தார்கள், திருப்பித் தரவில்லை.

அதற்கு என்ன பெயர் வைப்பது என்று வாப்பா கேட்டார்கள். தம்பி ஏதோ சொன்னான், பினாங்குக்கு எழுதிக் கேட்கலாம் என்றான். நான் வேண்டாம் என்றேன். நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து, எந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று பார்த்து வைக்க வேண்டும். அது வரைக்கும் வீட்டில் எல்லோரும் அதை 'அந்தத் துணி' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தறிக்காரர்கள் "சீக்கிரம் சொல்லுங்க, லேபிள் அடிக்கணும்," என்கிறார்கள்.

சீக்கிரம் வா.

உன்
அஸீலா